நாகுமோ வீட்டு மருமகள் எழுதிய கதை

கிவாகோ அந்த வாசகர் வட்டத்துக்கு நாலு மாதமாகப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு நாள்கூட வாயைத் திறந்ததில்லை. வட்டம் கூடுவது மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை; புதன் அவளுக்கு வார விடுமுறை. சூப்பர் மார்க்கெட்டின் பின்கட்டுச் சமையலறையில் கட்லெட் பொரிக்கிற வேலை அவளுக்கு. அன்று ஒரு நாள்தான் தலைமுடியில் எண்ணெய் வாடை இருக்காது. ஊர் நூலகத்தின் மாடிக்கு ஏறிப்போய், கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வருவாள்.

வட்டத்துக்குத் தலைவர் ஹினுமா வாத்தியார். முப்பத்தெட்டு வருஷம் மேல்நிலைப்பள்ளியில் இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்றவர். அந்த வருஷம் நூலகத்துப் பெண் பிடிவாதமாகப் பெண்கள் எழுதிய புது நாவல்களாகவே தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். அவருக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் ஒவ்வொன்றையும் பென்சிலால் கோடு போட்டுப் படித்துவிட்டுத்தான் வருவார்.

ஜூன் மாதத்துப் புத்தகம், வீட்டுக்குத் தெரியாமல் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, வாரத்தில் மூன்று மணி நேரம் அங்கே போய்ச் சும்மா படுத்துக்கிடக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. கள்ளக்காதல் இல்லை. பணமோசடி இல்லை. படுத்திருப்பாள், கூரையைப் பார்ப்பாள், வீட்டுக்குப் போய் சோறு வைப்பாள்.

"முன்னூறு பக்கம்," என்றார் ஹினுமா வாத்தியார், புத்தகத்தை மேஜையில் வைத்து. "ஒரு சண்டை உண்டா? ஒரு சாவு உண்டா? இந்தக் காலத்துப் பெண்கள் எழுதுறது நாவல் இல்லீங்க, புலம்பல். நல்லா அச்சடிச்ச புலம்பல்."

சுற்றியிருந்த பெண்கள் மரியாதைக்குச் சிரித்தார்கள். கிவாகோவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் புத்தகத்தை அவள் மூன்று முறை படித்திருந்தாள். மூன்றாம் முறை படிக்கும்போது அந்த அறையின் வாடகை நம் ஊரில் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்ததை நினைத்து அவளுக்கே பயம் வந்தது.

"சார்," என்றாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "இன்னைக்குக் காலைல உங்க வீட்ல மிசோ சூப் வச்சது யாரு?"

"என் சம்சாரம். ஏன்?"

"அவங்களுக்கும் புத்தகம் படிக்கப் பிடிக்கும்னு போன மாசம் சொன்னீங்க. ஏன் இங்க வரல?"

"அவளுக்கு எங்கே நேரம்..." என்று ஆரம்பித்த வாத்தியார் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

முதலில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு நூலகத்துப் பெண் சிரித்தாள், அப்புறம் எல்லாரும். வாத்தியார் காது சிவந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சரி, நாகுமோ-சான். அதுக்குள்ள கதை இருக்குன்னு சொல்றீங்க. அப்போ நீங்களே ஒண்ணு எழுதிக் காட்டுங்களேன்." குத்தலாகத்தான் சொன்னார். கிவாகோ தலை குனிந்து, "முயற்சி பண்றேன் சார்," என்றாள்.

அப்போது அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. பக்கத்து ஊர் முடிதிருத்துக் கடைக்காரரின் மகள். இருபத்துநாலு வயதில் ஷோனாய் சமவெளியின் இந்த ஊருக்கு, நாகுமோ வீட்டு மூத்த மகன் யசுனோரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். அவன் உழவு இயந்திரம் பழுதுபார்ப்பவன். அடிக்க மாட்டான், குடித்துவிட்டு உளற மாட்டான், அதிகம் பேசவும் மாட்டான். நாகுமோ வீடு வம்சத்தின் தலைமை வீடு. புத்தாண்டு, கோடையில் முன்னோர் வரும் நாட்கள், செத்தவர்களின் நினைவுப் பூசை என்று வருஷத்தில் ஐந்தாறு தடவை சொந்தக்காரர்கள் பதினான்கு பேர் வந்து இறங்குவார்கள். பாய் விரித்த பெரிய கூடத்தில் சதுர மெத்தைகளைப் போட்டு ஆண்களும் விருந்தாளிகளும் உட்காருவார்கள். சேப்பங்கிழங்கு வேகவைப்பது, சாக்கே மதுவைச் சூடாக்குவது, கிண்ணம் காலியாகும் முன் ஊற்றுவது எல்லாம் மருமகள் வேலை. இருபத்தைந்து வருஷத்தில் அந்த விருந்துகளில் ஒன்றைக்கூட அவள் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அடுப்பங்கரையில் நின்றபடி, ஆறிப்போனதில் ஒரு வாய்.

அவளை யாரும் திட்டவில்லை. யாரும் கைநீட்டவில்லை. அதனால் தன்னைப் பற்றி வருத்தப்பட அவளுக்கே கூச்சமாக இருந்தது.

மதிய இடைவேளை நாற்பத்தைந்து நிமிஷம். சூப்பர் மார்க்கெட்டுக்குப் பின்னால் கார் நிறுத்துமிடத்தில், தன் சின்னக் காருக்குள் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். செந்தாய் நகரத்தில் வேலை பார்க்கும் மகளுடைய பழைய பள்ளி நோட்டில் பாதிப் பக்கம் மிச்சம் இருந்தது. முதல் வாரம் மூன்று வரி. இரண்டாவது வாரம் அந்த மூன்றையும் அடித்துவிட்டாள். கூட வேலை பார்க்கும் ஹொசோயா-சான் ஒரு நாள் கார்க் கண்ணாடியைத் தட்டி, "என்ன, காதல் கடிதமா?" என்று கேட்டாள். "ஆமாம்," என்றாள் கிவாகோ. "யாருக்குன்னுதான் இன்னும் தெரியல."

எழுதினது கல்யாணமான முதல் வருஷத்தில் நடந்தது. மாமனாரின் தகப்பனாருக்கு நினைவுப் பூசை. மெத்தைகளை எண்ணிப் போட்ட கிவாகோ, புத்தி இல்லாமல், வாசல் பக்கம் தனக்கும் ஒன்று போட்டுவிட்டாள். மாமியார் தோமியே வந்து பார்த்தாள். அந்த மெத்தையை எடுத்து அலமாரியில் வைத்தாள். ஒரு வாக்கியம் சொன்னாள்.

அந்த வாக்கியத்தை எழுத மட்டும் கிவாகோவால் முடியவில்லை. தோமியே அவளோடு ஒரே கூரையின் கீழ் இருக்கிறவள், எழுபத்தொன்பது வயது, தினமும் ஒன்றாகத் தேநீர் குடிக்கிறவள். எனவே கதையில் வரும் மாமியார், "நீ களைச்சிருப்ப, உள்ள போய் உட்காரு," என்று சொல்லிவிட்டு மெத்தையை எடுத்துப் போகிறாள். கதை மருமகள் அதற்கு இருபத்தைந்து வருஷம் கழித்து ஒரு நாள் அலமாரியைத் திறந்து, மெத்தையை எடுத்துப் போட்டு, கூடத்தில் உட்காருகிறாள். பேச்சு நிற்கிறது. யாருடைய கிண்ணத்திலோ சாக்கே தீர்ந்திருக்கிறது. ஊற்ற ஆளில்லை. அவ்வளவுதான் கதை.

பனி விழ ஆரம்பித்தபோது அதை மாவட்டப் பத்திரிகையின் சிறுகதைப் போட்டிக்கு அனுப்பினாள். இரண்டாம் பரிசு கிடைத்தது. நடுவராக இருந்த நாவலாசிரியை, "இந்தக் கதையில் ஒருவர்கூடக் குரலை உயர்த்தவில்லை, அதனால்தான் எனக்கு நடுங்கியது," என்று எழுதியிருந்தார். பத்திரிகையிலிருந்து போன் செய்து, புனைபெயர் வேண்டுமா என்று கேட்டார்கள்.

"வேண்டாங்க. வேற பேர் போட்டா நான் ஏதோ தப்பு பண்ணிட்டு ஒளிஞ்சுக்கிட்ட மாதிரி ஆயிடும்."

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் முழுப் பக்கம் வந்தது. நாகுமோ கிவாகோ என்று பெயர், பக்கத்தில் போட்டோ. யசுனோரி காலைச் சாப்பாட்டின்போது படித்தான். கடைசி வரி வரைக்கும் படித்தான் என்பது அவன் கண் ஓடியதிலிருந்து தெரிந்தது. மடித்து வைத்தான். "போட்டோ நல்லா வந்திருக்கு," என்று சொல்லிவிட்டு வெளியே பனியை வாரப் போனான். தோமியே பத்திரிகையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கும் சரி, அடுத்த நாளும் சரி, அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

பேசினது ஊர். கட்லெட் வாங்க வந்தவர்கள் சமையலறைக் கண்ணாடிக்குப் பின்னால் அவளைத் தேடினார்கள். சில பெண்கள் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் கொஞ்சம் அதிகமாகத் தாழ்த்திவிட்டுப் போனார்கள். ஒரு சாயங்காலம் நாத்தனார் ஹருயோ நீகாதாவிலிருந்து போன் செய்தாள். யசுனோரிக்கு மூன்று வயது மூத்தவள்.

"கிவாகோ-சான், ஊரே சிரிக்குது, தெரியுமா? என் மாமியார் வீட்டுக்காரங்க படிச்சிட்டு என்கிட்ட நீட்டுறாங்க. 'இது உங்க பொறந்த வீடுதானே?'ன்னு. நான் மூஞ்சியை எங்க வச்சுக்கறது?"

"மன்னிக்கணும் அக்கா, உங்களுக்குச் சங்கடம் ஆயிடுச்சு."

"எனக்குச் சங்கடம் ஆனதுக்கு மன்னிப்பா, எழுதினதுக்கு மன்னிப்பா?"

ஹருயோ போனை வைத்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து மாமனாரின் ஏழாம் வருஷ நினைவுப் பூசை வந்தது. கிவாகோ வழக்கம்போல விடியலில் எழுந்து சேப்பங்கிழங்கு சீவினாள். பிக்கு வந்து சூத்திரம் ஓதிவிட்டுப் போனார். பகல் பன்னிரண்டுக்குக் கூடத்தில் பந்தி. சித்தப்பா, அதாவது செத்த மாமனாரின் தம்பி, நடுவில். ஹருயோ அவருக்குப் பக்கத்தில், கறுப்பு கிமோனோவில், முதுகை நேராக வைத்து.

கிவாகோ தட்டோடு உள்ளே வந்ததும் ஹருயோ சாப்பிடும் குச்சியைக் கீழே வைத்தாள்.

"எல்லாரும் இருக்கும்போதே பேசிடலாம். அப்பா படம் இங்கதான் இருக்கு. கிவாகோ-சான், அது முன்னாடி ஒரு தடவை குனிஞ்சு மன்னிப்புக் கேட்டுடு. நாங்களும் மறந்துடுறோம்."

யசுனோரி தன் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கிவாகோ மண்டி போட்டுத் தட்டைப் பாயில் வைத்தாள். தட்டிலிருந்த கிண்ணங்கள் சின்னதாகக் கிணுகிணுத்தன.

"நான் பொய் எழுதியிருந்தா மன்னிப்புக் கேக்குறேன் அக்கா. எது பொய்னு சொல்லுங்க. அதுக்குக் கேக்குறேன்."

"பாத்தீங்களா சித்தப்பா, பேச்சைப் பாருங்க!"

"பொய் இருக்கு," என்றது ஒரு குரல்.

தோமியே. பூசை மாடத்துக்குப் பக்கத்தில் முதுகு வளைந்து உட்கார்ந்திருந்தவள், மடியிலிருந்து நாலாக மடித்த பத்திரிகையை எடுத்தாள். மடிப்பு கிழிந்துபோகும் அளவுக்குப் பிரித்துப் பிரித்துப் படித்திருந்தாள். ஹருயோவின் முகம் மலர்ந்தது.

"சொல்லுங்கம்மா, எது பொய்?"

"இந்த மாமியார் பேசுறது. 'நீ களைச்சிருப்ப, உள்ள போய் உட்காரு.' நான் அப்படிச் சொல்லவே இல்ல." தோமியே கிவாகோவைப் பார்த்தாள். "'உட்காருறதுக்கா உன்னைக் கொண்டுவந்தோம்?' அதுதான் நான் சொன்னது. கூடத்துல இருக்குறவங்களுக்கும் கேக்கட்டும்னு சத்தமா சொன்னேன். உனக்கு நல்லா ஞாபகம் இருக்கும். அப்புறம் ஏன் மாத்தின?"

"நீங்க படிப்பீங்கன்னு..." என்றாள் கிவாகோ.

"படிச்சேன். மூணு தடவை. யாரோ நல்ல கிழவி ஒருத்தி இருந்தா அதுல. எனக்குப் பொறாமையா இருந்துச்சு."

சித்தப்பா சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்து இருமினார். அவருடைய கிண்ணம் காலி. வழக்கம்போலக் கையை நீட்டியவர், பாதியில் ஏதோ ஞாபகம் வந்ததுபோலக் கையை மடக்கி, தானே குடுவையை எடுத்து ஊற்றிக்கொண்டார். ஹருயோ எழுந்தாள். "இந்த வீட்ல எல்லாருக்கும் புத்தி பிசகிப் போச்சு," என்று சொல்லி, தன் பங்குப் பலகாரப் பெட்டியைக்கூட எடுக்காமல் காரில் ஏறிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவள் அந்த வாசலை மிதிக்கவில்லை.

விருந்தாளிகள் போனதும் கிவாகோ பாத்திரம் கழுவினாள். யசுனோரி அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றான்.

"நீங்க ஒரு வார்த்தை பேசல," என்றாள் திரும்பாமலே.

"என்ன பேசுறது?"

"அதைத்தான் கேக்குறேன். இருபத்தஞ்சு வருஷமா அதையே என்கிட்ட கேக்குறீங்க. உங்க அக்கா என்னைக் குனியச் சொன்னப்போ உங்களுக்கு என்ன தோணுச்சோ, அதைச் சொல்லியிருக்கலாம். 'குனி'ன்னாவது சொல்லியிருக்கலாம்."

அவன் துணியை எடுத்து, கழுவின கிண்ணங்களைத் துடைத்தான். ஒவ்வொன்றையும் தப்பான அலமாரியில் வைத்தான். அவள் எதையும் மாற்றவில்லை. ஒரு மாதத்துக்கு அந்த வீட்டில் எந்தக் கிண்ணம் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது.

மறுநாள் காலையில் தோமியே பின்பக்கத் தோட்டத்தில், பனிக்கு அடியில் புதைத்து வைத்த முள்ளங்கியைத் தோண்டிக்கொண்டிருந்தாள். கிவாகோ கூடை எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு பேரும் சேர்ந்து தோண்டினார்கள்.

"நான் இங்க வந்த புதுசுல ஒரு பெண்கள் பத்திரிகை வாங்கிட்டிருந்தேன்," என்றாள் தோமியே. "அரிசி மூட்டைக்குப் பின்னால ஒளிச்சு வச்சுப் படிப்பேன். என் மாமியார் கண்டுபிடிச்சிட்டா. திட்டல. 'குளியல் தொட்டிக்குத் தண்ணி சுட வைக்கணும், இதைப் போட்டு மூட்டு'ன்னா. என் கையாலயே ஒவ்வொண்ணா உள்ள போட்டேன். அதுல ஒரு தொடர்கதை. புருஷன் வீட்டைவிட்டுப் போகப் பெட்டி கட்டுறா ஒரு பொண்ணு. அந்த இடத்துல நின்னு போச்சு. அவ கடைசில போனாளா, போகலையா, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

கிவாகோ கையிலிருந்த முள்ளங்கியைக் கூடையில் போட்டாள்.

"அப்படி இருந்தவங்க, என்கிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"எனக்குச் சொன்னாங்க, நான் உனக்குச் சொன்னேன். வேற என்ன? யோசிச்சா சொன்னேன்?" தோமியே மண்ணை உதறினாள். "எழுதுறதா இருந்தா இதையும் எழுது. ஆனா நான் செத்தப்புறம் போடு."

"இல்லம்மா. நீங்க இருக்கும்போதுதான் போடுவேன்."

"என்ன?"

"நான் தப்பா எழுதினா, அது தப்புன்னு சொல்ல நீங்க இருக்கணும். செத்தவங்களைப் பத்தி என்ன வேணா எழுதலாம், யாரும் எழுந்து வந்து கேக்கப் போறதில்ல. அப்படி எழுத எனக்கு இஷ்டமில்ல."

தோமியே அவளை மேலும் கீழும் பார்த்தாள். "திமிர் பிடிச்சவ," என்றாள். முள்ளங்கிக் கூடையை அவளே தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அந்த வீட்டில் நடந்த சண்டை ஊரில் எந்த வீட்டிலும் நடந்திருக்காது. கிவாகோ எழுதிய தாள்களைத் தோமியே சிவப்புப் பென்சிலோடு படிப்பாள். தன் மாமியாரை இன்னும் கொடுமைக்காரியாகக் காட்டு என்பாள். கிவாகோ மறுப்பாள். "அவங்களுக்கும் யாரோ சொல்லியிருப்பாங்கல்ல?" என்று கேட்பாள். "அதை நீ பாத்தியா? பாக்காததை எழுதாத," என்பாள் தோமியே. அது கிவாகோவுக்கு நியாயமாகப் படும், அந்த வரியை அடித்துவிடுவாள். ஓரிடத்தில் தோமியே சொன்ன அந்த வாக்கியம் இந்த முறை உள்ளது உள்ளபடி இருந்தது. தோமியே அங்கே பென்சிலை வைத்துவிட்டுத் தேநீர் குடித்தாள். ஒரு திருத்தமும் போடவில்லை.

இரண்டு வருஷத்தில் ஐந்து கதைகள் சேர்ந்தன. செந்தாயில் ஒரு சின்னப் பதிப்பகம் புத்தகமாகப் போட்டது. பெரிய நகரங்களில் அது ஒன்றும் பேசப்படவில்லை. ஆனால் அந்தச் சமவெளியில், ஒருத்தி வாங்கி ஏழு பேர் படித்தார்கள். ஹினுமா வாத்தியார் இரண்டு பக்கக் கடிதம் அனுப்பினார். ஒன்றேமுக்கால் பக்கம் எழுத்துப் பிழைகளின் பட்டியல். மிச்சத்தில், தான் இத்தனை வருஷம் வகுப்பில் நடத்திய நாவல்களில் யார் சோறு வைத்தார்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்று எழுதியிருந்தார். கிவாகோ பிழைகளை எல்லாம் திருத்திக்கொண்டாள்.

நாகுமோ வீட்டு விருந்துகள் ஸ்டேஷன் எதிரே இருக்கும் உணவகத்துக்கு மாறின. சித்தப்பாதான் முடிவு செய்தார். முட்டி வலிக்கிறது, தரையில் உட்கார முடியவில்லை என்றார். எல்லாரும் அதை ஒப்புக்கொண்டார்கள். கதையைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. கிவாகோ நாற்காலியில் உட்கார்ந்து, சூடாக, ஒரு முழு விருந்து சாப்பிட்டாள். யசுனோரி அவள் பக்கம் திரும்பி, "ருசியா இருக்கு," என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அன்னைக்கு எனக்குக் கோபம் வந்துச்சு. அக்கா மேல," என்றான். மூன்று வருஷம் ஆகியிருந்தது அந்த வாக்கியம் வெளியே வர. கிவாகோவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இறாலை எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.

ஹருயோ திரும்பி வந்தது புத்தகம் வந்த பிறகு, ஒரு பிப்ரவரி மதியம், போனில்.

"என்னைப் பத்தி எழுதிடாத," என்றுதான் ஆரம்பித்தாள்.

"எழுத மாட்டேன் அக்கா."

"சும்மா சொல்லி வைக்கிறேன்." "என் மாமியாருக்கு இப்போ தொண்ணூத்திரண்டு. இன்னும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல, தெரியுமா? 'ஏய்'தான். முப்பத்தாறு வருஷமா. போன வாரம் ஆஸ்பத்திரில நர்ஸ் கேக்குறா, 'பாட்டி, பக்கத்துல இருக்குறது யாரு, பேர் சொல்லுங்க'ன்னு. அவளுக்குத் தெரியல. மறதியாலன்னு நர்ஸ் நினைச்சுக்கிட்டா. எனக்குத்தானே தெரியும், அவ அதைக் கத்துக்கவே இல்லன்னு..."

அவள் ஒரு மணி நேரம் பேசினாள். கிவாகோவின் இடைவேளை முடிந்துவிட்டது. ஹொசோயா-சான் வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினாள். கிவாகோ கையால் சைகை காட்டி, கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அக்கா," என்றாள் கடைசியில், "இதை எழுதலாமா?"

"என் பேரை மாத்திடு," என்றாள் ஹருயோ. "ஊரையும் மாத்திடு. அந்த நர்ஸ் மட்டும் அப்படியே இருக்கட்டும். நல்ல பொண்ணு."

கிவாகோவுக்கு இப்போது ஐம்பத்துநாலு. கட்லெட் வேலையை விடவில்லை. தோமியே வாரத்தில் மூன்று நாள் முதியோர் பகல் இல்லத்துக்கு வண்டியில் போய் வருகிறாள். அங்கே மற்றக் கிழவிகளிடம், "அந்தப் புத்தகத்துல வர்ற பொல்லாத மாமியார் நான்தான்," என்று சொல்லிக்கொள்கிறாளாம். அவர்களில் சிலர் சூப்பர் மார்க்கெட்டுக்கு வந்து கண்ணாடி அருகே நிற்கிறார்கள். இரண்டு கட்லெட் போதும் என்பார்கள். பொட்டலம் கைக்கு வந்த பிறகும் நகர மாட்டார்கள். கிவாகோ கையுறையைக் கழற்றிவிட்டு, "சொல்லுங்க," என்பாள்.